நின்றால் அழும் வண்டி

குளிர்பெட்டி பழுது பார்ப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு ஐஸ் என்று பெயர். ஆளும் அப்படித்தான். கோபம் வந்தாலும் குரல் உயராது. அவரிடம் இருந்த சூடெல்லாம் வீட்டின் பக்கவாட்டில், தகரக் கூரையின் கீழ் நின்ற பழைய காருக்கே போனது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி வேகம் கூட்டும் டர்போ ஒன்றை அவரே அதில் மாட்டியிருந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. உடைசல் வண்டிகள் விற்கும் கடையில் டர்போவை எடுத்தார்; குழாய்களைத் தானே அறுத்து, தானே பற்றவைத்தார். செம்புக் குழாயைப் பற்றவைத்துப் பழகிய கைக்கு அது மலையாகத் தெரியவில்லை.

மாட்டிய பிறகு வண்டி பறந்தது. வேகமெடுத்து, கியர் மாற்றக் காலை எடுத்தால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். டர்போ தள்ளிய காற்று உள்ளே போக வழியில்லாமல் திரும்பும்போது அதை வெளியே விட ஒரு வால்வு உண்டு. அதன் சத்தம் அது. காலை லேசாக எடுத்தாலே கேட்கவேண்டும் என்று வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மெலிந்த ஒன்றைப் போட்டிருந்தார். தெருமுனையில் வண்டி திரும்பும்போது நாய்கள் எழுந்து நிற்கும். ஐஸ் முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓட்டுவார்.

குறை ஒன்றுதான். நின்றால் வண்டி அழுதது. சிக்னலில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் ஏறி ஏறி இறங்கும், எஞ்சின் குலுங்கும், சில நேரம் அணைந்தே போகும். அதில் தினமும் வேலைக்குப் போவது அவர் மனைவி. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஒரு நாள் நாற்சந்தியின் நடுவில் அணைந்த வண்டியைப் பின்னாலிருந்த லாரிக்காரர்கள் இறங்கித் தள்ளியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி சாவியை மேசைமேல் வைத்தார்.

"இங்க பாருங்க. அடுத்த வாரம் வருஷச் சோதனை. நின்னா குலுங்குற வண்டிக்கு சீட்டு தரமாட்டாங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா அந்த நத்தையைக் கழட்டி வீசிட்டு, வாங்கும்போது இருந்த மாதிரியே திருப்பி மாட்டுங்க."

டர்போவுக்கு அவர் வைத்த பெயர் நத்தை. உருவம் அப்படித்தான் இருக்கும்.

"கழட்டுறதா?"

"நான் வேலைக்குப் போகணும். நடுரோட்டுல நின்னு லாரிக்காரனுக்குக் கும்பிடு போட முடியாது."

இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த எஞ்சினுக்குள் கிடந்தன. ஐஸ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முறையாகத்தான் தொடங்கினார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், புதிதாகப் போட்டார். பெட்ரோல் வரும் அழுத்தத்தை அளந்தார், சரியாக இருந்தது. மீதி ஒன்றுதான்: காற்றுக் கசிவு. கசிவு தேடுவது குளிர்பெட்டிக்காரருக்குச் சொந்த வீடு மாதிரி. எஞ்சினை அணைத்து, குழாயின் வாயை அடைத்து, பம்பு வைத்து உள்ளே காற்றை ஏற்றினார். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவினார். ஒரு குமிழிகூட எழவில்லை.

தையல்கடை வைத்திருக்கும் மச்சினன் வந்து பக்கத்தில் நின்றான்.

"என்ன மாமா, வண்டிக்கு ஷேவிங்கா?"

"கசிவு பாக்குறேன் மாப்ள."

"கெடச்சுதா?"

"இல்ல."

"அப்ப நம்ம அக்கா சொன்னபடி நத்தையை விட்டுடலாமே, அது பாட்டுக்குத் தோட்டத்துல மேயட்டும்."

"உன் மிஷின்ல நூல் அறுந்தா மிஷினையே விட்டுடுவியா?"

"நான் மிஷினுக்குள்ள மூணாவது சக்கரம் மாட்டலியே மாமா."

ஐஸ் சிரிக்கவில்லை. மறுநாளும் நுரை தடவினார். அதற்கடுத்த நாளும். குளிர்பெட்டியாக இருந்தால் நுரை பார்த்த கையோடு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியும் பார்ப்பார், அதுதான் தொழில்முறை. இங்கே அதை விட்டுவிட்டார். டர்போ தள்ளுகிற சாமான். தள்ளுகிற சாமானுக்கு உறிஞ்சல் எதற்கு?

சனிக்கிழமை காலை மனைவி தகரக் கூரையின் கீழ் வந்து நின்றார்.

"கழட்ட ஆரம்பிச்சாச்சா?"

"கொஞ்சம் பொறு. எங்கயும் ஓட்டை இல்ல. அதான் புரியல."

"உங்களுக்குப் புரியாதது எனக்கென்ன புரியும்? ஓடுறப்ப ராஜா மாதிரி ஓடுது. நின்னாத்தான் ஒப்பாரி. மனுஷன்னா உக்காந்தா நிம்மதியா இருப்பான், இது நேர்மாறா இருக்கு."

அவர் உள்ளே போய்விட்டார். ஐஸ் கையில் தூரிகையோடு நின்றார். நின்றால் மட்டும். நிற்கிற வண்டியில் டர்போ எதையும் தள்ளுவதில்லை. அப்போது எஞ்சின் உறிஞ்சுகிறது.

எஞ்சினை ஓடவிட்டார். முள் ஆடத் தொடங்கியது. குனிந்து, வால்வின் திறந்த வாய்மேல் உள்ளங்கையை வைத்தார். வெளியே ஊதவேண்டிய வாய் கையைப் பிடித்து இழுத்தது. குலுக்கல் நின்றது. கையை எடுத்தார், மறுபடி அழுகை. வைத்தார், அமைதி.

குற்றவாளி அந்த மெலிந்த ஸ்பிரிங். எஞ்சினின் உறிஞ்சலுக்கே அது அமுங்கி வால்வைத் திறந்துவிடுகிறது. வால்வு வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறது. உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் விடச் சொல்லும் சென்சார் முன்னால், பில்டர் பக்கத்தில் இருக்கிறது. அதன் கணக்கில் இந்தக் காற்று ஏறுவதில்லை. உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்தால் வால்வு இறுக மூடிக்கொள்ளும். நுரைக்கு அது எப்படி அகப்படும்?

பழைய, கெட்டியான ஸ்பிரிங்கைத் தேடி மாட்டினார். வண்டி நின்ற இடத்தில் பூனைபோல் உறுமியது. மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஓட்ட, ஐஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். வேகம் எடுத்து, சந்தியில் காலை எடுத்தார். 'புஸ்ஸ்'. வண்டி ஒரு தும்மல் போட்டு அணைந்தது.

"நல்லா இருக்கு," என்றார் மனைவி.

ஐஸுக்கு இந்த முறை நுரை தேவைப்படவில்லை. அந்தப் 'புஸ்ஸ்' சத்தத்தில் வெளியே போவது கணக்கில் ஏறிய காற்று. காற்று போய்விட, அதற்கென்று அளந்த பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது, எஞ்சினுக்குப் புரையேறுகிறது. வழி ஒன்றுதான். வால்வின் வாயில் ஒரு குழாயை மாட்டி, அந்தக் காற்றை டர்போவுக்கு முன்னாலேயே திருப்பிவிட வேண்டும். அப்படிச் செய்தால் சத்தம் இருக்காது.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கையில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பிறகு மாட்டி, கிளிப்பை முறுக்கினார்.

சோதனைக் கூடத்தில் ஆய்வாளர் புகையை அளந்தார், முள்ளைப் பார்த்தார், ஓட்டியும் பார்த்தார். முள் அசையவில்லை. பதிவுச் சீட்டைப் புரட்டினார்.

"டர்போ போட்டதா எழுதியிருக்கு. எடுத்துட்டீங்களா?"

"இருக்கு சார்."

"சத்தத்தையே காணோம்?"

"இருக்கு சார்," என்று ஐஸ் முன்மூடியைத் திறந்து விரலால் காட்டினார். ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மனைவிதான் ஓட்டினார். சந்தியில் நின்றபோது வண்டி ஒரு முனகல்கூட விடவில்லை. பாலம் தாண்டியதும் ஏற்றம் வந்தது. முன்னால் போன பேருந்தை ஒரே மிதியில் தாண்டினார். அதற்கு முன்னால் போன லாரியையும் தாண்டினார்.

"மெதுவா போயேன்," என்றார் ஐஸ்.

"பேசாம உக்காருங்க. இன்னும் ஏத்தம் இருக்கு."