ஷெட்டில் வைத்த நான்காவது பெட்டி

இதில் வரும் நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. அன்றன்றைக்கே சமையலறைக் காலண்டரில் பேனாவால் குறித்து வைத்தேன். அந்தக் காலண்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசியில் வரும் கணக்கு மட்டும் என்னுடையதல்ல. அது போலீஸ் காகிதத்தில் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது.

நாங்கள் இருப்பது பீச்போர்ட்டில், தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்தில். என் கணவன் வாரிக் சிங்கி இறால் பிடிப்பவன். ஒரு மே மாதம், சீசன் முடிய மூன்று நாள் இருக்கும்போது, தன் படகை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் தனியாகப் போனான். படகுக்கு எங்கள் மகளின் பெயரைத்தான் வைத்திருந்தான். ‘மிஸ் ஐவி.’ படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. பதினொரு நாள் தேடினார்கள். ஒரு மிதவையும் ஒற்றை ரப்பர் கையுறையும் கிடைத்தன. அதோடு நிறுத்திவிட்டார்கள். ஐவிக்கு அப்போது ஐந்து வயது.

புதைக்க எதுவும் கிடைக்காதவள் முழுதாக விதவை ஆவதில்லை. மாலை ஆறு மணி தாண்டினால் என் காது தானாகப் பின்வாசல் பக்கம் திரும்பும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு ஆறேகாலுக்கு. வாரிக் அதுவரை பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் இறால் கூண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான். ஆறு பன்னிரண்டுக்கு ஷெட் விளக்கு அணையும். நடந்து வந்து கை கழுவ மூன்று நிமிடம். எட்டு வருடக் குடித்தனத்தில் அந்தப் பன்னிரண்டு ஒரு நாளும் பதின்மூன்று ஆனதில்லை.

அவன் போன பிறகு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் வேலை. வீடோ நூற்றிருபது வருடப் பழசு. சுண்ணாம்புக்கல் சுவர், ஒரு முழத்துக்கு மேல் தடிமன். முன்னறையில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் சமையலறை வருவதற்குள் செத்துவிடும். பாதி அனுப்பிய கடிதங்கள் தொலைந்து, இரண்டு முறை எச்சரிக்கை வந்துவிட்டது.

வாரிக்கின் அண்ணன் கிளின்ட் பக்கத்து ஊரான மில்லிசென்ட்டில் எலெக்ட்ரீஷியன். வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

“இது வீடா, ஜெயிலா? பீரங்கிக் குண்டே இந்தச் சுவத்துல நின்னுடும். வைஃபை எங்கேர்ந்து போகும்?”

“உங்க கொள்ளுத்தாத்தா கட்டினது. அவரையே கேளு.”

“அவர் இருந்தா மொதல்ல உன் சமையலப் பத்திதான் கேப்பாரு.”

ஒரே ரூட்டர் வீடு முழுவதற்கும் கத்துவதற்குப் பதிலாக, அறைக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்று சிக்னலைக் கைமாற்றிக்கொள்ளும் என்றான். மெஷ் வைஃபை. நாம் நடக்க நடக்க, பக்கத்தில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அது நம் போனைப் பிடித்துக்கொள்ளும். யார் எந்தப் பெட்டியில் இருக்கிறார்கள் என்று ஆப்பில் பார்க்கலாம்.

“மலிவா இருக்குன்னு ரெண்டு அலைவரிசைப் பெட்டிய வாங்கிடாத, ஜோஸ். பெட்டிங்க தங்களுக்குள்ள பேசிக்கவே பாதி வேகம் போயிடும். மூணு அலைவரிசை இருக்கறத வாங்கு. உன் வீட்டுக்கு மூணு பெட்டி போதும்.”

“நாலு வாங்கலாம்.”

“நாலாவது எதுக்கு?”

“ஷெட்டுக்கு.”

கிளின்ட் என்னைப் பார்த்தான். “ஷெட்டுல யாரு இருக்கா?”

ஷெட்டில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்க்க முடியவில்லை என்று வாரிக் வருடக்கணக்காகப் புலம்பியிருக்கிறான். ‘சுவத்த இடிக்கட்டுமா, ஷெட்ட நகத்தட்டுமா’ என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். கிளின்டுக்கும் அது தெரியும். மேற்கொண்டு கேட்காமல் மண்ணைத் தோண்டி ஷெட் வரைக்கும் கேபிள் இழுத்தான்.

ஜூன் 14, சனிக்கிழமை. முன்னறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, ஐவியின் அறை அலமாரியில் ஒன்று, ஷெட்டில் ஒன்று. எல்லாவற்றிலும் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

“பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வெச்சிடறேன்,” என்றான் கிளின்ட். “இல்லேன்னா டிவி, டேப்லெட், பிரிண்டர்னு ஒவ்வொண்ணுக்கா போய் மறுபடி அடிக்கணும். இப்படி வெச்சா பழசெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்.”

வைஃபைக்குப் பழைய பெயர் வாரிக் வைத்தது. ‘பூட்ஸ் வெளியே.’ அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் நான் கத்துகிற வார்த்தை. அதை மாற்ற எனக்கும் மனமில்லை.

சரி என்று தலையாட்டினேன்.

கிளின்ட் ஐந்தரைக்குக் கிளம்பினான். இங்கே ஜூன் குளிர்காலம்; அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். போனில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். புதிதாக ஏதோ இணைந்திருக்கிறது. ஆப்பைத் திறந்தேன்.

வாரிக்கின் போன். ஷெட். சிக்னல் பலவீனம்.

மணி 6:12.

6:15க்கு அது பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது.

கிளின்டைக் கூப்பிட்டேன். “பழைய ஞாபகமா இருக்கும்,” என்றான். “மெஷின் பழைய பேர எங்கயோ வெச்சிருக்கும். ரெண்டு நாள்ல போயிடும். நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்,” என்று பொய் சொன்னேன்.

அலமாரியில் வாரிக்கின் போன் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதன் அடியில் அந்தப் போனுக்கே உரிய, எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீள எண் அச்சிட்டிருந்தது. ஆப்பில் காட்டிய எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். பன்னிரண்டு எழுத்து. பன்னிரண்டும் சரியாக இருந்தன. அந்தப் போன் அவன் சட்டைப்பையில் போனது. அதன் இணைப்பை ஜனவரியிலேயே நான் ரத்து செய்திருந்தேன்.

ஞாயிறு. 6:12. ஷெட். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷெட் இருட்டாக இருந்தது. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது. சில விநாடி அதுவும் தெரியவில்லை... யாரோ குறுக்கே நடந்ததுபோல.

6:13. ஆப்பில் பெயர் இடம் மாறியது.

வாரிக்கின் போன். சமையலறை. சிக்னல் மிக நன்று.

நான் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

யாரும் இல்லை. கதவு திறக்கவில்லை. டீசலும் இறாலுக்கு வைக்கும் மீன் இரையும் கலந்த வாசனை மட்டும் வந்தது. எட்டு வருடம் திட்டித் திட்டித் துவைத்த வாசனை.

நான் பயப்பட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அன்று இரவு பதிமூன்று மாதத்தில் முதல் முறையாக நான் தூங்கினேன்.

திங்கள்கிழமை மேஜையில் மூன்று தட்டு வைத்தேன். ஆட்டுக்கறித் துண்டுகளை அவனுக்குப் பிடித்தமாதிரி ஓரம் கருக வறுத்தேன். ஐவி தன் அறையில் டேப்லெட் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை வந்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன்.

6:12. ஷெட்.

6:13. சமையலறை.

“உக்காரு,” என்றேன்.

கை கழுவும் தொட்டியைப் பார்த்தேன். குழாயை நான் தொட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தொட்டி ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

6:16. ஐவியின் அறை.

ஓடினேன். ஐவி போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, பின்கதவ சாத்து. குளிருது.”

பின்கதவு தாழ் போட்டுத்தான் இருந்தது.

“அப்பா உன்ன கூப்பிட்டாராம்,” என்றாள் ஐவி. “நீ திரும்பவே இல்லையாம்.”

மறுநாள், செவ்வாய். ஒரு டாக்டருக்கு அவசரக் கடிதம். ஆறரைக்குள் போகவேண்டும். முன்னறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன். போன் பக்கத்தில், ஆப் திறந்தபடி. ஐவி குளித்துவிட்டு, பைஜாமாவோடு, அவள் அறையில்.

6:12. ஷெட்.

6:13. சமையலறை.

6:14. ஐவியின் அறை.

இன்னும் நான்கு வரிதான். முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

6:16க்குத் திரும்பிப் பார்த்தேன். ஐவியின் அறைக்கு நேராக எதுவும் இல்லை.

சமையலறைக்கு நேராக இரண்டு பெயர்கள்.

வாரிக்கின் போன்.

ஐவியின் டேப்லெட்.

என் கை ஹெட்போனைக் கழற்றுவதற்குள்...

6:17. ஷெட்.

இரண்டும்.

ஓடினேன். சமையலறை காலி. பின்கதவு விரியத் திறந்திருந்தது. தாழ் அவளுக்கு எட்டாது.

ஷெட்டிலும் இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முடியும் இடத்தில் படகுத்துறை. கடலுக்குள் முக்கால் கிலோமீட்டர் நீளும் மரப்பாலம்.

ஐவி பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தாள்.

வெறுங்கால். இடுப்போடு அணைத்த டேப்லெட். அதன் வெளிச்சம்.

இன்னொரு கை... மேலே தூக்கியிருந்தது. உயரமான யாருடைய விரலையோ பிடித்திருப்பதுபோல.

“ஐவி...”

அவள் நிற்கவில்லை.

பிடித்து இழுத்தேன். இழுத்த எடை அவள் ஒருத்தியுடையது இல்லை.

பிறகு சட்டென்று லேசானாள்.

“அப்பா கைய விட்டுட்டாரும்மா,” என்று அழுதாள். “நீ இழுத்த.”

அவள் உள்ளங்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

இரவு 8:40க்கு பாஸ்வேர்டை மாற்றினேன். ‘எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும், சம்மதமா?’ என்று ஆப் கேட்டது. நெடுநேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அவன் வீட்டுக்கு வருவது ஒன்றுதான். பக்கத்தில் ஐவி என் கால்சட்டை நுனியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சம்மதம் என்று அழுத்தினேன்.

அதன் பிறகு அந்தப் பெயர் வரவில்லை.

நவம்பர் மாதம் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலை எதிலோ சிக்கியது. முத்துக்குளிப்பவர்கள்போல் ஆழத்தில் இறங்கும் போலீஸ்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். ‘மிஸ் ஐவி’. கரையிலிருந்து முப்பத்தொரு கடல்மைல் தள்ளி, அறுபத்திரண்டு மீட்டர் ஆழத்தில். 11ஆம் தேதி காலையில் வாரிக்கை மேலே கொண்டுவந்தார்கள். மேலே கொண்டுவரும் அளவுக்கு மிச்சம் இருந்ததை. அவன் போன் தண்ணீர் புகாத உறைக்குள் இருந்தது.

மூன்று வாரம் கழித்து சார்ஜென்ட் ஓட்வே வந்தார். நல்ல மனிதர். பூட்ஸைப் பின்வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“அடிலெய்டுல போன்ல இருந்தத எடுத்துட்டாங்க. போட்டோ எல்லாம் உங்களுக்குத் தந்துடுவோம். ஒரே ஒரு விஷயம்தான் அவங்களுக்குப் புரியல.” ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். “‘பூட்ஸ் வெளியே’ன்னு ஒரு வைஃபை. அது எந்தப் படகுதுன்னு தெரியுமா?”

“படகில்ல,” என்றேன். “இந்த வீடு.”

அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடி படித்தார்.

“அப்ப இது மெஷின் கோளாறாத்தான் இருக்கணும். ஜூன்ல நாலு நாள் சேந்திருக்கு. அதுக்கப்புறம் தினம் ஒரு தடவை... பாஸ்வேர்டு தப்பு, பாஸ்வேர்டு தப்புன்னு.”

“எத்தன தடவை?”

“நூத்தி நாப்பத்தாறு.”

கடைசி வரி நவம்பர் 10. அவனை மேலே எடுத்ததற்கு முந்தின மாலை.

அவனைப் புதைத்தோம். ஐவியைக் கிளின்ட் வீட்டில் விட்டுவிட்டு, பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைத்து, பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். 6:12. 6:13. 6:20... பட்டியலில் என் பொருட்கள் மட்டும் இருந்தன. மறுநாளும் அப்படித்தான். அடுத்த வாரமும் அப்படித்தான். நூற்று நாற்பத்தாறு முறை கதவைத் தட்டியவன் எந்தக் கதவை நம்பி மறுபடி வருவான்.

அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு விஷயத்தை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம். வெயில் காலத்துக்காக. அந்தக் காகிதத்தில் சனிக்கிழமை 6:12. ஞாயிற்றுக்கிழமையும் 6:12. கரையில் எங்கள் சாப்பாட்டு நேரம் மாறியபோது, அந்த ஆழத்தில் அவனும் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

அன்று காலை சமையலறைக் கடிகாரத்தை மாற்றி வைத்தது நான் இல்லை. ஐவிதான் நாற்காலி மேல் ஏறி நின்று வைத்தாள். “இனிமே ஒரு மணி நேரம் முன்னாடி, மறந்துடாதே” என்று இரண்டு தடவை சத்தமாகச் சொன்னாள்.

என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.