தண்ணீர் ஊசி

வெறும் தண்ணீருக்காக உடம்பில் ஓட்டை போட்டுக்கொள்கிறவன் எவ்வளவு பெரிய மடையனாக இருக்க வேண்டும் என்று போன மாதம் ஒரு நர்சிடம் கேட்டேன். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காதான் வாயைத் திறந்தாள்.

"நம்ம அப்பா அளவுக்கு இருக்கோணும்," என்றாள்.

நாற்பத்தேழு வயதில், மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் அப்பாவைப் பற்றித் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

ஒன்பது வயதிலிருந்து எனக்குச் சுகர். மாத்திரைக்கு அடங்குகிற ரகம் இல்லை. உடம்பில் இன்சுலினே ஊறாத ரகம். நாளுக்கு இரண்டு ஊசியில் தொடங்கி நான்கு வரை வந்தாயிற்று. இனி ஊசியை விட்டுவிட்டுப் பம்ப் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ராமாபுரத்து மாமாவிடம் போனில் சொன்னேன். "பம்பா? எத்தன எச்.பி. மாப்ள? போர் எத்தன அடி போச்சு?" என்றார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய யந்திரம், இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுத் தோலுக்கடியில் போகும், மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். "சொட்டு நீர்ப் பாசனம்னு சொல்லு," என்றார். எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பம்பை மாட்டியதும் மருந்தை ஊற்றிவிடுவதில்லையாம். முதல் மூன்று நாள் அதில் வெறும் உப்புத் தண்ணீர்தான். பொத்தானை அமுக்க, குழாயை மாற்ற, அதோடு புரண்டு படுக்கப் பழகவேண்டும். அதுவரை ஊசி வழக்கம்போல. அந்த நர்ஸ் இதைக் கன்னடத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் என் மடையன் கேள்வியைக் கேட்டேன்.

அப்பாவுக்குச் சுகர் இருந்ததே இல்லை. அவர் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டது தண்ணீர். அக்கா இதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் நம்பியது முப்பத்தெட்டு வருடம். ஆஸ்பத்திரிப் படிவங்களில் 'குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா' என்ற கட்டத்தில் 'அப்பா' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! சுகர்காரர்கள் கூட்டம் ஒன்றில் மைக்கைப் பிடித்து, "என் அப்பாவைப் பாருங்கள், இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மயங்கினார்" என்று பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு தடவைக்குக் காரணம் நான்தான் என்பதை மட்டும் அங்கே சொல்லவில்லை.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். மைசூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போய்வருகிற வண்டி. மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, நான் என்று நான்கு பேர்.

சுகர் என்று தெரிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் நான் ஊசிக்கு அடங்கவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன். அக்கா காலைப் பிடிக்க, அம்மா கையைப் பிடிக்க, அப்பா குத்துவார். ஒரு நாள் அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டேன். ரத்தம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், தோல் பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"டாக்டரு என்னயும் பாத்தாருடா கண்ணு. எனக்கும் சுகராமா. உன்னாட்டவே தெனமும் ரெண்டு ஊசி போடோணுமாமா."

"நெசமாவா?"

"பின்னே? உன்ற அப்பன்தானே நானு."

மறுநாளிலிருந்து அம்மா ஒரு சின்னப் பாத்திரத்தில் இரண்டு கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்தாள். முதலில் அப்பா. காக்கி பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிவிட்டு, ஊசி இறங்கும்போது "ஹோல்டான்!" என்பார். எடுத்ததும் "ரைட், ரைட்!" பிறகு என் முறை. நானும் ஹோல்டான் சொன்னேன், ரைட் சொன்னேன். ஒரு வாரத்தில் அழுகை நின்றது. ஒரு வருடத்தில் நானே புட்டியிலிருந்து மருந்தை ஏற்றத் தொடங்கினேன்.

அழுகை நின்ற இடத்தில் தலைக்கனம் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் இரண்டு கட்சி என்று முடிவு செய்தேன். ஊசிக் கட்சியில் நானும் அப்பாவும். எதிர்க்கட்சியில் அம்மாவும் அக்காவும். பாவம், இவர்களுக்கு ஒன்றுமே இல்லையே என்று அவர்களுக்காக உண்மையாகவே இரக்கப்பட்டிருக்கிறேன். வீட்டில் சர்க்கரை வாங்குவது நின்றுபோயிற்று. காபியில் இல்லை, பாலில் இல்லை, பண்டிகையில் இல்லை. எனக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்கு ஒரு டப்பா குளுக்கோஸ் மட்டும் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமையில் சாமிக்காக வெல்லம் போட்டு மாவிளக்குப் பிடிப்பாள் அம்மா. அக்கா அதைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய்த் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவாள்.

மருந்துகள் சமையலறை மூலையில், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் இருந்தன. எனக்கு இரண்டு புட்டி. ஒன்று பால்போலக் கலங்கியது, மெதுவாக வேலை செய்வது. மற்றது தெளிந்தது, சட்டென்று வேலை செய்வது. அப்பாவுக்கு ஒரே புட்டி. அதில் லேபிளும் இல்லை, உள்ளே இருந்தது தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. உங்களுக்கு ஏன் பால் மருந்து இல்லை என்று கேட்டேன். "பெரியவங்களுக்குப் பாலு எதுக்குடா?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பதினொரு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மார்க்கெட் முனையில் ஓர் இனிப்புக்கடை வாசலில் அப்பாவைப் பார்த்தேன். தோளில் பை. கையில் காகிதம், காகிதத்தில் மைசூர்பாகு. கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். முடித்த பிறகு காகிதத்தில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் வழித்து நக்கினார். கைக்குட்டையால் வாயை ஒருமுறை துடைத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொரு முறை துடைத்தார்.

நான் வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இனிப்புத் தின்றால் கண் போகும், கால் போகும், அப்புறம் ஆளே போய்விடுவாய் என்று எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்பா என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தார், அதுவும் அவ்வளவு ருசித்து.

வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொந்தக் கட்சிக்காரரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, காப்பாற்றுவதுதான் முறை. இனிப்பு உள்ளே போனால் மருந்தும் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதானே. அப்பாவின் மருந்தைப் பார்த்தாலே சத்தில்லாத மருந்து என்று தெரிந்தது. என்னுடையதில் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. அப்பாவுக்கு லீவு. "இன்னைக்கு உங்களுக்கும் நானே ஏத்தித் தர்றனுங்கப்பா," என்றேன்.

"பாத்தியா, பையன் கம்பவுண்டரே ஆயிட்டான்," என்று அம்மாவிடம் பெருமை பேசிவிட்டு நாமம் போட்டுக்கொள்ளப் போனார். என் தெளிந்த புட்டியை எடுத்து, நான் போட்டுக்கொள்வதைவிடத் தாராளமாகவே அவருடைய சிரிஞ்சில் ஏற்றினேன். பெரிய ஆளல்லவா. அப்பா வந்தார், வாங்கினார், "ஹோல்டான்" என்றார், "ரைட்" என்றார். எனக்கு இட்லி உண்டு. அவருக்குப் பூஜை முடிகிறவரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். ஊசி போட்டுக்கொண்டு ஒரு மனிதர் எப்படி விரதம் இருக்கிறார் என்று ஊசிக் கட்சியின் மூளையான நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்பா முக்காலியில் ஏறி வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வேர்த்தது. கையிலிருந்த மாவிலையை, இது எதற்கு என்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே இறங்கினார்.

"ஏனுங்க, அந்தச் சூடத்த எடுங்க," என்றாள் அம்மா.

"முந்தே ஹோகம்மா, முந்தே! ஃபுட்போர்டல்லி நில்லபேடா!" என்றார் அப்பா கன்னடத்தில், பஸ் படிக்கட்டில் நிற்கிறவளை முன்னால் போகச் சொல்வதுபோல. "டிக்கெட் யாரு தகோபேக்கு? டிக்கெட்?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா இப்படியெல்லாம் வேடிக்கை பண்ணக்கூடியவர்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வேர்வையும் அந்தப் பார்வையும் எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும். அப்பா அம்மாவிடம் டிக்கெட் கேட்டுக் கையை நீட்டியபடியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அப்பாவுக்கு எறங்கிருச்சு! சக்கரை குடு!" என்று கத்தினேன்.

"அவுருக்கு எப்படிடா எறங்கும்?" என்றாள் அம்மா. "அவுருக்குத்தான்..." அதோடு நிறுத்திவிட்டாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் மிச்சம் இருந்தது. "என்னடா பண்ணுனே?"

"என்ற மருந்த ஏத்தி விட்டுட்டேன்."

அம்மா குளுக்கோஸ் டப்பாவை எடுக்க ஓடினாள். திறந்தாள். காலி. அதை ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் விரலால் தொட்டுத் தொட்டுத் தின்று தீர்த்தவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் வேறு சர்க்கரை கிடையாது. அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

அப்போது அம்மா செய்ததை என்றும் மறக்கமாட்டேன். பூஜைத் தட்டில் எரிந்துகொண்டிருந்த மாவிளக்கை வாயால் ஊதி அணைத்தாள். சாமி விளக்கை ஊதக்கூடாது என்று எங்கள் இருவரையும் எத்தனை முறை அடித்திருக்கிறாள்! திரியைப் பிடுங்கி எறிந்தாள். நெய்யும் வெல்லமுமான மாவைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் வாயில் விட்டாள். "முழுங்குங்க. ஏனுங்க, முழுங்குங்க. என்னயப் பாருங்க." அக்கா அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. நான் ஓரமாக நின்று, எதற்கென்று தெரியாமல், "ரைட் ரைட் சொல்லுங்கப்பா" என்று அழுதுகொண்டிருந்தேன்.

தட்டு காலியானபோது அப்பா கண்ணைச் சுழற்றி எங்களைப் பார்த்தார். "எதுக்கு அழுவறீங்க எல்லாரும்?" என்றார், தமிழில்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம்வரை குளுக்கோஸ் ஏறியது. அப்பா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏண்டா கண்ணு அப்படிப் பண்ணுனே?"

"நீங்க மைசூர்பாகு தின்னீங்க. நான் பாத்தேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தை இப்போது யோசித்தால் அவள் சிரித்திருக்கவும் கூடும்.

"இனித் திங்கமாட்டேன் கண்ணு," என்றார் அப்பா.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

உடம்பில் ஒரு நோயும் இல்லாத அந்த மனிதர், கையில் டிரிப்சோடு, தனக்கு மிச்சமிருந்த அந்த ஒரு துண்டையும் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நானோ வெற்றி பெற்றவன்போல வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் பல வருடங்கள், அவர் வேலை முடிந்து வந்ததும் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பேன். சில்லறை வாசனையும் டிக்கெட் காகித வாசனையும்தான் இருக்கும். அவரும் பள்ளிக்கூடப் பையன்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார். ஊசியையும் நிறுத்தவில்லை. தன் சிரிஞ்சை மட்டும் என் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் மாற்றம். நான் வேலையில் சேர்ந்த வருடம், "எனக்கு மாத்திரையே போதும்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்று ஊசியை விட்டார். நான் அவர் கையைக் குலுக்கி, உங்கள் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த பரிசு என்று வாழ்த்தினேன். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டாள்.

பம்பில் உப்புத் தண்ணீரை நிரப்பி என் இடுப்பில் மாட்டி அனுப்பினாள் அந்த நர்ஸ். ஆஸ்பத்திரி கேண்டீனில் அக்காவும் நானும் காபி குடித்தோம். இரண்டும் சர்க்கரை இல்லாத காபி.

"நீ எதுக்குக்கா சக்கரை இல்லாம குடிக்கறே?"

"பழகிப்போச்சு."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருந்தாரு. மெடிக்கல்ல போயி தண்ணி ஆம்பூல் வாங்கியாந்து, உன்ற காலிப் புட்டிய வேக வெச்சு, அதுல ஊத்தி வெக்கறது என்ற வேலை. எனக்குப் பன்னெண்டு வயசு. சிநேகிதி வீட்டுப் பொறந்தநாளுக்குக்கூட அனுப்பமாட்டாங்க. லட்டு வாசத்தோட வருவேன், நீ கேப்பேன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் நான் உடனே ஏதாவது ஜோக் சொல்லிவிடுவேன். அன்று ஒன்றும் வரவில்லை. "எல்லாம் எனக்கு வந்த சுகராலதானே அக்கா," என்று மட்டும் சொன்னேன். இல்லடா என்று தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்குத்தாண்டா சுகர் வந்துச்சு," என்றாள். "எங்க மூணு பேருக்கும் வந்தது நீ."