ஹெட்போன் துளையில் விட்ட எண்ணெய்

பத்தாம் வகுப்பில் தோற்று நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் தாளில் மட்டும் இவ்வளவு பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிட்டார் ஆம்ப் பற்றி ஆண்கள் அளப்பதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

முன்பு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுகளில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அதை மூடிய பிறகு கரமனையில் வீட்டு மேசையிலேயே மிக்ஸி, ரேடியோ என்று பார்த்துக் கொடுக்கிறேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிதான் ஆம்ப்; வீட்டில் வாசித்துப் பழகுவதற்கென்று விற்கும் சின்ன ஆம்ப்களும் வரும். உள்ளே பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு கிடையாது. ஒரு போர்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். கொண்டுவருகிறவர்களோ தீர்ப்பை எழுதிக்கொண்டே வருவார்கள்: "போர்டு போயி." போர்டு போச்சாம். கேபிளைக்கூட மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறதா என்று கேட்டால் விழிப்பார்கள். குறைந்தால் முதலில் கிட்டாரையும் கேபிளையும் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் ஆம்பைத் திறக்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், காது போதும். அந்தக் காதுதான் சங்கீதக்காரர்களிடம் இல்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை என் கொழுந்தன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறவர். முகம் செத்திருந்தது.

"லைட்டு எரியுது மைனி, சத்தம்தான் இல்ல. சாயங்காலம் பிராக்டீஸுக்குள்ள சரியாகலேன்னா நாளையிலேருந்து நான் வேண்டாமாம். கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்காம்."

அப்படிச் சொன்ன கொயர் தலைவரும் கூடவே வந்திருந்தார். கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இதொண்ணும் நடக்காது தங்கச்சி. போர்டு போயி. போன வாரம் கரகரன்னு ஒரு ஒச்சை வந்துது, நானே எண்ணெ விட்டுப் பாத்தேன். அப்புறம் உள்ளதும் போச்சு."

"என்ன எண்ணெய்?" என்றேன்.

"வேற என்ன? நல்ல சுத்தமான தேங்காயெண்ணெ."

"எந்தத் துளையில?"

"எல்லாத்துலயும்தான்!"

தலைக்கு அது, முழங்காலுக்கு அது, கதவுக் கீலுக்கு அது. ஆம்ப் மட்டும் என்ன பாவம் செய்தது? இந்த மனிதர்தான் ஊருக்கே சுருதி சொல்லித் தருகிறவர்.

கிட்டாரைச் செருகி, ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். சத்தம் தெளிவாக வந்தது. தலைவரிடம் நீட்டக் கூச்சமாக இருந்ததால் கொழுந்தனிடம் கொடுத்தேன்.

"அண்ணே, போர்டுக்கு உயிரு இருக்கு!"

"ஆமா, நாளைக்கு சபைக்கெல்லாம் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி விடு, கேட்டியா."

இந்த ஆம்பில் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் ஹெட்போன் துளைக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகட்டைத் தொட்டுத்தான் போகும். ஹெட்போனைச் செருகினால் தகடு விலகி ஸ்பீக்கர் வாயை மூடும். எடுத்தால் மறுபடி ஒட்ட வேண்டும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகி அதை ஒட்டவிடவில்லை. மின்சாரத்தை எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, பெட்டியைத் திறந்து ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். தகட்டை ஊசி முனையால் இம்மி வளைத்தேன். கொழுந்தன் தந்தியைத் தட்டியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

தலைவர் வாசலிலிருந்தே சொன்னார்: "நான் சொல்லலையா? எண்ணெ உள்ள எறங்கக் கொஞ்சம் நாளாகும்."

மஞ்சளும் கறுப்புமாக அழுக்கேறிய பஞ்சை அவர் பார்க்கும்படி மேசை ஓரத்தில் வைத்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆராதனையில் கொழுந்தன் எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார்.