பஸ் ஏறிப் போய் நடக்கிறவர்கள்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் இருப்பவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். டவுன் பஸ்ஸில் கூட்டிப் போய்க் காட்டுகிறவருக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது, அந்த பஸ்ஸுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். யார்டை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பஸ்ஸில் போய் இறங்கி, ஏரிக்கரையிலோ காட்டுப் பாதையிலோ நாலு மணி நேரம் நடக்க வைத்துத் திரும்பக் கூட்டி வருவது என் பிழைப்பாகிவிட்டது. துணைக்கு வருபவர் பிரகாசம். ராயபுரத்துக்காரர், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். வரிசையில் நான் முதல் ஆள், அவர் கடைசி ஆள். வேன் பிடித்து சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், மேற்கொண்டு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. தலைகளை எண்ணி எண்ணியே நம் தலை சுற்றிவிடும்.

ரெட் ஏரி

முதல் நடைக்கு எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்: "காலை ஆறரை மணி, ரெட் ஏரிக் கரை." ரெட் ஹில்ஸ் ஏரி என்று முழுசாக அடிக்கச் சோம்பல். ஆறரைக்கு நான் ரெட் ஹில்ஸில் கரைமேல் நிற்கிறேன். ஆறு பேர் வந்துவிட்டார்கள். மீதி ஐந்து பேரையும் பிரகாசத்தையும் காணோம். போன் வந்தது. பேசியவர் ஒரு கணக்கு டீச்சர். "மேடம், நாங்க வந்துட்டோம். நீங்க எங்க?" என்றார். "கரையிலதான் நிக்கறேன்." "நாங்களும் கரையிலதான் நிக்கறோம்." "எதிர்ல என்ன தெரியுது?" "ஏரி." எனக்கும் எதிரில் ஏரிதான் தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டச் சொன்னேன். அவர்கள் ஆட்டினார்களாம். நானும் ஆட்டினேன். இப்படியே இரண்டு கூட்டமும் தண்ணீரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்தான் விஷயத்தைப் பிடித்தார். அவர்கள் நின்றது மாதவரம் தாண்டியிருக்கிற இன்னொரு ஏரியான ரெட்டேரியில். செய்தியைப் படித்துப் பார்த்தால், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. இடையில் எத்தனையோ கிலோமீட்டர். அங்கேயே இருங்கள், பஸ் பிடித்து வருகிறேன் என்று பதறினேன். வந்த பஸ் மாதவரத்தோடு நின்றுவிட்டது. என்னோடிருந்த ஆறு பேரையும் இழுத்துக்கொண்டு வேறு பஸ் மாறி வியர்க்க வியர்க்கப் போய் இறங்கினால், ஐந்து பேரும் பிரகாசமும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைத் தேற்றினார்: "கவலைப்படாதீங்க மேடம், நாங்களே நடந்து முடிச்சிட்டோம். நீங்க இல்லாம நல்லாத்தான் இருந்துச்சு."

மனை பார்க்க வந்தவர்கள்

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு காட்டுப் பாதை உண்டு. அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு, மாதவரத்தில் ஒன்பது பேர் பஸ் ஏறினோம். இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னதும் கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் என்னையே பார்த்தார். "அங்க இன்னா கீது? கோயிலா?" "இல்லைங்க." "கல்யாணமா?" "இல்லைங்க." குரலைத் தாழ்த்தி, "சாவா?" என்றார். நடக்கப் போகிறோம் என்றேன். "நடந்து எங்க போவீங்க?" என்றார். நடந்து திரும்பி வந்துவிடுவோம் என்றேன். அதற்குள் முன் சீட்டுப் பெரியவர், இவர்கள் மனை வாங்க வந்தவர்கள், வெளியே சொல்ல மாட்டார்கள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பஸ் மொத்தமும் அதை நம்பியது. எங்கள் பின்னாலேயே இறங்கிய ஒருத்தர் காட்டு முனைவரை கூடவே வந்து, ரோட்டை ஒட்டிய மனை, கிணறு இருக்கிறது என்று விவரம் சொன்னார். எங்களில் இரண்டு பேர் நடக்க வந்ததை மறந்து, பத்திரம் எப்படி, பட்டா உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைப் பிய்த்து இழுத்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

சாயங்காலம் திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். செம்மண்ணும் முள் கீறலுமாக நாங்கள் ஏறினோம். ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மெய்யாலுமே நடந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம். மாதவரம் வரும்வரை அதையே யோசித்திருப்பார் போல. இறங்கும்போது படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்: "நடக்கறதுக்குத்தான் வந்தீங்கன்னா, வூட்லேர்ந்தே நடந்திருக்கலாமே, பஸ் எதுக்கும்மா?"

காட்டுப்பள்ளிக் காடு

காட்டுப்பள்ளி என்ற பெயரை நம்பியே புரசைவாக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். புது ஷூ, புது பைனாகுலர். எண்ணூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரி வரிசை. காடு எப்போது வரும் என்று அந்த அம்மா ஸ்டாப்புக்கு ஸ்டாப் கேட்டார். இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாகப் போகிற பாதைக்குக் கூட்டிப் போனேன். போன மாதம்தான் நடந்த பாதை. இப்போது அங்கே புது மதில் நின்றது. வாசலில் இருந்த காவலாளியிடம், இங்கே பாதை இருந்ததே என்றேன். "இருந்துச்சும்மா" என்றார்.

மதிலைச் சுற்றிக்கொண்டு கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பெண் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். பைனாகுலர்காரர் சேற்றில் இறங்கி நாலா பக்கமும் பார்த்துவிட்டு, அலையாத்திக் காட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவரைக் கேட்டார். அந்தப் பெண் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார். அடியில் சாண் உயரச் செடிகள் நாலைந்து மடங்கிக் கிடந்தன. "காலை எடு நைனா, காட்டு மேலதான் நின்னுகினு கீற."

பாக்கியம்

இதைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பாக்கியம் புளியந்தோப்பு குடியிருப்பில் இருப்பவள். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. வீட்டில் மாமியார், கணவன், மூன்று பிள்ளைகள். கூட வேலை செய்கிற யாரோ சொல்லி சோழவரம் ஏரி நடைக்கு வந்திருந்தாள். பஸ்ஸிலேயே அவளுக்கு ஏழெட்டு போன். கேஸ் அடுப்பு லைட்டர் எங்கே, சின்னவன் சட்டை எங்கே. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

கரையில் பாதி தூரம் போய்த் தலை எண்ணினேன். பதினொன்று வர வேண்டும், பத்துதான் வந்தது. என்னை எண்ணாமல் விட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். பாக்கியம் இல்லை. பிரகாசத்தைக் கேட்டால், முன்னாடி உன்கூடப் போனாளே என்றார். அவள் பின்னால் வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. வந்த வழியே ஓடினோம். கரைச் சரிவில், தண்ணீருக்கு நாலு அடி தள்ளி, அவள் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. பக்கத்தில் கைப்பை. பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

பிரகாசம் சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கிவிட்டார். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று காலால் துழாவினார். நான் கரை முழுக்கக் கேட்க, "பாக்கியம்! பாக்கியம்!" என்று கத்தினேன். அவள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது, போலீசுக்கு முதலில் சொல்வதா வீட்டுக்கா, எதுவும் ஓடவில்லை. அந்தப் பையிலிருந்த போன் நிற்பதும் மறுபடி அடிப்பதுமாக இருந்தது. 'வூடு' என்று பெயர் வந்தது. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் கரை வளைகிற இடத்தில் கருவேல மறைப்பு. அன்றும் வந்திருந்த கணக்கு டீச்சர்தான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, கையை அசைத்துக் கூப்பிட்டார். போனோம். பாக்கியம் வெறுங்காலோடு ஒரு கல்மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் பாதி தின்ற கொய்யா. எனக்கு ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற பிரகாசத்தைக் காட்டி, "எவ்ளோ நேரமா கத்தறேன், கேக்கலையா?" என்றேன். எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பயந்த முகமும் இல்லை, தப்பு செய்த முகமும் இல்லை. சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "காதுல வுயுந்துச்சிக்கா. என் பேரை யாரு கூப்ட்டாலும் ஓடிகினே கீறேன், ஒரு தபா திரும்பாம இருந்தா எப்டி இருக்கும்னு பாத்தேன்."

நான் கூட்டிப் போனவர்களில் இதுவரை யாரும் தொலைந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், ஆனால் அதில் யார் யார் தொலைவதற்கென்றே பஸ் ஏறினார்கள் என்பது மட்டும் தலையை எத்தனை முறை எண்ணியும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.