மூன்று கோப்பிலும் எழுதியவர்

பதினேழு வருடம் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பிய சமுத்திரத்திடம் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "எந்த மில்லு கேட்ல நிக்கிறீக?" பட்டாளத்துக்காரர் என்றால் வாட்ச்மேன் வேலைதான் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருக்கிறது. மனிதர் ரோசக்காரர். ஆறு மாதம் லினக்ஸ் படித்து, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். இது மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம்.

லேபிள் அடிக்கப் புது பிரிண்டர் வந்திருந்தது. லாகின் செய்ததும் அதுவே தானாக அமைய வேண்டும். எழுத வேண்டியது ஒரே வரி. லாகின் நேரத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் கோப்புகளில் எதில் எழுதுவது என்பதில்தான் வம்பு. .profile என்றது ஓர் இணையப் பக்கம். .bashrc என்றது இன்னொன்று. .bash_profile என்று சத்தியமே செய்தது மூன்றாவது.

பட்டாளத்தில் ஓர் உத்தரவு வந்தால் மெஸ், பாரக் என்று எல்லாப் பலகையிலும் ஒட்டிவிடுவார்கள். பார்க்கவில்லை என்று எவனும் தப்ப முடியாது. சமுத்திரமும் அதையே செய்தார். இருந்த இரண்டு கோப்பிலும் எழுதினார். இல்லாத .bash_profile-ஐப் புதிதாக உண்டாக்கி அதிலும் எழுதினார்.

மறுபடி லாகின் செய்தால் லேபிள் புரோகிராமையே காணோம். வெளியே லாரி நிற்கிறது, ஏற்ற வேண்டிய இருநூறு பெட்டியிலும் லேபிள் இல்லை. அடித்த கட்டளையையே திரும்பத் திரும்ப அடித்தார். மூன்று மணி நேரம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். கடைசியில் வெட்கத்தை விட்டு, முன்பு அந்த நாற்காலியில் இருந்த விமலுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"எதுல எழுதுனீக அண்ணாச்சி?"

"எல்லாத்துலயும்தான் தம்பி."

"அங்கதான் தப்பு. லாகின் பண்ணும்போது .bash_profile இருந்தா அதைத்தான் படிக்கும். லேபிள் புரோகிராம் எங்க இருக்குன்னு நான் எழுதி வச்ச .profile பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. நீங்க புதுசா வச்சதைத் தூக்கிட்டு மறுபடி லாகின் பண்ணுங்க."

தூக்கினார். அரை நிமிடத்தில் லேபிள் ஓடத் தொடங்கியது.

திரும்பினால் மேனேஜர் சௌந்தரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். அவர் திட்டவில்லை, நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"இனிமே இதெல்லாம் விமல்கிட்டயே கேட்டுக்கிடுவோம். உங்களுக்கு கேட்ல எடம் இருக்கு, சமுத்திரம். அதை நீங்க நல்லாப் பாப்பீக."

"சரி சார்" என்றார் சமுத்திரம். யோசிக்காமல், அவ்வளவு சட்டென்று அது தன் வாயிலிருந்து வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.