நான் சிரித்துச் சொன்ன பகிடிவதைக் கதை

யாழ்ப்பாணத்தில் படித்தபோது, புதிதாக வந்த ஒருவனைக் கொதிக்கும் வெயிலில் முழங்காலில் நிற்கவைத்தோம். புதியவர்களை மூத்தவர்கள் சீண்டும் அந்தப் பகிடிவதையை, சுவிற்சர்லாந்தில் எங்கள் எம்மன்புரூக்கே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு சூரிச்சில் படிக்கும் என் மகள் மாணவியர் சங்கமொன்றில் சேர்ந்தாள். ஒருநாள் தொலைபேசியில், "அப்பா, மூத்த பிள்ளையள் சொல்லுறதெல்லாம் செய்யவேணுமாம். நாளைக்குப் போகப் பயமாக் கிடக்கு" என்றாள்.

"அதெல்லாம் பகிடி, பிள்ளை. கொஞ்சம் பொறு. பிறகு அவையள்தான் உன்ர சிநேகிதியள்" என்றேன்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நவம்பர் குளிரில் சங்கத்து மூத்த பெண்கள் ஏரித் தண்ணீருக்குள் நிற்கவைத்ததில் மயங்கி விழுந்திருக்கிறாள். கரையில் நாயோடு நடந்துவந்த ஒருவர் பாய்ந்து இழுத்திராவிட்டால் பிள்ளை இல்லை.

கட்டிலருகே நின்று அந்தப் பெண்களைத் திட்டித் தீர்த்தேன். மகள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, நீங்கள் வெயிலில நிக்கவைச்ச பெடியன் அண்டைக்கு வீட்டை போய் என்ன சொல்லியிருப்பான்?"

இப்போது பிள்ளைகள் பயமென்றால், "பொறு" என்று சொல்வதில்லை. "உடனே வெளிக்கிட்டு வா" என்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பதையும் விட்டுவிட்டேன். அவனைத் தேடி மன்னிப்புக் கேட்க ஆசை. ஆனால் நாங்கள் வைத்த பட்டப்பெயரைத் தவிர, அவன் பெயர் எனக்குத் தெரியாது.