வியர்வைச் சொட்டு

ரெஃபிகா எங்கள் யெசெனிட்சே ஊரில் ஆஸ்பத்திரித் தரை துடைப்பவர். போஸ்னியாவிலிருந்து எஃகு ஆலை வேலைக்கு வந்தவரின் மகள், பிறந்தது இங்கேதான். நாற்பத்தொரு வயது. வேலை முடிந்ததும் மலைப்பாதையில் பதினைந்து கிலோமீட்டர் ஓடுவார். எங்கள் ஓட்டக் கழகத்தின் மலையோட்ட அணியில் பெண்களுக்கு மிச்சமிருந்தது ஓர் இடம். அதற்குப் போட்டியிட்டவர் ஐந்து பேர், அவரையும் சேர்த்து.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். கழகத்தில் ரத்தம் பார்ப்பதும் நானே. டிரெட்மில்லில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டத்திலும் காது மடலில் ஊசி குத்தி, சர்க்கரையும், தசை திணறும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் அளப்பேன். மெதுவாக ஓடும்போதே லாக்டேட் ஏறினால் அந்த உடல் நெடுந்தூரம் தாங்காது என்று முடிவு.

அன்று ரெஃபிகா கடைசி. காது துடைக்கும் பஞ்சு தீர்ந்திருந்தது. பக்கத்து அறையில் புதுப் பொட்டலம் இருந்தது. மற்றவர்களுக்கென்றால் எழுந்து போயிருப்பேன். இவருக்கு இது போதும் என்று நினைத்தேன். வியர்த்த காதிலேயே குத்தினேன்.

"வாத்தியாரே, மத்தவங்க காதையெல்லாம் தொடச்சீங்க. எங்க நர்சுங்க முதல் சொட்டையே தொடச்சுப் போட்டுருவாங்க."

"மெஷினுக்கு உங்களவிட நல்லாத் தெரியும், ரெஃபிகா."

இரண்டாம் கட்டத்திலேயே லாக்டேட் ஏழு, அந்த வேகத்துக்கு இரண்டுதான் வழக்கம். அவரோ மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஓடினார். சர்க்கரையும் அசையவில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நான் எதிர்பார்த்த எண்தானே அது.

பயிற்சியாளர் கோராஸ்த் சிரித்தார். "தொடப்பம் பிடிக்கிறவளுக்கு மலை எதுக்குன்னு அப்பவே சொன்னேன்ல?"

நான் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அணியில் வேறொருத்தி சேர்ந்தாள்.

ரெஃபிகா சொன்னது உறுத்தியது. ஞாயிறன்று நானே ஓடி என் காதில் குத்திப் பார்த்தேன். துடைக்காமல் ஆறரை, துடைத்தபின் இரண்டு. வியர்வையில் ரத்தத்தைவிடப் பல மடங்கு லாக்டேட் உண்டு. ஆதாரம் எங்கே என்று மூடநம்பிக்கையை ஊரெல்லாம் கேலி செய்பவன் நான்.

கோராஸ்திடம் சொன்னதும் அவர் கையை விரித்தார். "பேரு அனுப்பியாச்சுப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஃபிகா நடைவழியில் தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், எழுந்து போகாத அந்த நாலடியையும் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கழகத்துல, எல்லாரும் இருக்கப்ப சொல்லுங்க."

"சொல்றேன்."

அதற்குப் பிறகு கழகம் இரண்டு முறை கூடிவிட்டது. இரண்டு முறையும் நான் போயிருந்தேன். கோராஸ்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.